அன்னப்பிள்ளையக்காவின் நீத்துப்பெட்டி

ஜெனிஸ்டனின் மாமியார் சந்திரகாந்தி அவனோடு பேசுவதில்லை. அதற்காக அவனிடம் ஒன்றும் கேட்காத மனுசி என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் கேட்பார். அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வூப்பர்டாலின் தொங்கு ரயிலில் வந்திறங்கி, மகள் வீட்டுச் சோபாவில் அமர்ந்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும் மருமகனைப் பார்க்காமல், "அவர் தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேள் பிள்ளை" என்பார்.

"குடிப்பன் மாமி" என்பான் ஜெனிஸ்டன்.

"என்னவாம்?" என்பார் மாமி, மகளிடம்.

"குடிப்பாராம் அம்மா" என்பாள் கஜந்தி. தேத்தண்ணி வரும்.

கஜந்தி கடைக்குப் போயிருந்தால் பேத்தி யூலியாவிடம் கேட்பார். யூலியாவுக்கு அப்போது ஏழு மாதம். யூலியா நித்திரை என்றால் ஃபிரிட்ஜ் இருந்தது. "இந்த மனுசனுக்குப் பசிக்காதோ" என்று ஃபிரிட்ஜைப் பார்த்து மாமி கேட்பார். "பசிக்குது மாமி" என்று ஜெனிஸ்டன் சொல்லுவான். ஃபிரிட்ஜ் மொழிபெயர்க்காது. அன்றைக்குப் பட்டினி.

காரணம் பெரிய காரணமில்லை. ஆஹென் நகரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இருவருக்கும் ஒரு வீடு வாய்த்தது. கலியாணம் முடித்த சோடிக்குத்தான் தருவேன் என்றார் வீட்டுக்காரர். நல்ல வீடு, வாசலிலேயே பஸ் தரிப்பிடம். ஆகவே போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது திரைச்சீலைகளை எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் கஜந்திக்கு ஞாபகம் வந்தது. பிறகு கோயிலில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று என்று கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. பையன் மன்னார்க் கத்தோலிக்கன் என்பதைக்கூட மாமி தாங்கிக்கொண்டார். திரைச்சீலைக்குப் பிறகு தனக்குச் சொன்னார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "அவரோடை இனி எனக்கொரு கதையும் இல்லை" என்று வாக்குச் சொல்லிவிட்டார். கோபம் இன்னும் இருந்ததா என்று பிறகு யாரும் கேட்கவில்லை. வாக்கு இருந்தது.

ஜெனிஸ்டனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மனுசி அவன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

இது இப்படியிருக்க, யூலியா பிறக்குமுன்பே கஜந்தி இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கியிருந்தாள். பெயர் 'தவழ்.' ஜெர்மனி முழுவதிலும் உள்ள இளம் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடிப் பேசுவதற்கு. முதல் மாதம் ஒன்றுகூடியவர்கள் அவளும் அவனும். அடுத்த அறையிலிருந்து அவன் "வணக்கம்" என்று எழுதுவான். அவள் "வரவேற்கிறோம்" என்று பதில் போடுவாள். பிறகு எங்கிருந்தோ கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். பிள்ளைக்கு எப்போது காப்புப் போடுவது? தொட்டிலை எந்தப் பக்கம் வைப்பது? தடுப்பூசிக்கு டாக்டர் தந்த டெர்மின் அட்டமியில் விழுந்தால் மாற்றலாமா? பதில் சொல்லத்தான் ஆளில்லை. எல்லோருமே குழந்தையாக இங்கே வந்து இறங்கியவர்கள் அல்லது இங்கேயே பிறந்தவர்கள். ஜெனிஸ்டன் தேடிப் பிடித்து ஒழுங்கான பதில் எழுதினால், "தம்பி, நீர் எத்தனை பிள்ளை வளர்த்தனீர்?" என்று கீழே ஒருவர் கேட்பார்.

ஒருநாள் பீட்சா தின்றுகொண்டே இருவரும் சேர்ந்து அன்னப்பிள்ளையக்காவைப் பெற்றெடுத்தார்கள். பிறக்கும்போதே அக்காவுக்கு அறுபத்தொரு வயது. படத்துக்கு ஒரு செவ்வரத்தம்பூ. ஊர் மட்டும் போடவில்லை. ஊரைப் போட்டால் பக்கத்து ஊர்க்காரர் கேட்கமாட்டார்கள் என்றாள் கஜந்தி. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் அக்கா, "ஓம் பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதையும்" என்று எழுதுவார். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கொண்டுபோங்கோ என்று ஜெனிஸ்டன் சொன்னபோது சிரித்தவர்கள், அக்கா அதையே சொன்னபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அக்காவின் அறிவில் முக்கால்வாசி, கஜந்தி தன் அம்மாவிடம் போனில் கேட்டு வாங்கியது. மிச்சக் காலுக்கு ஜெனிஸ்டன் பொறுப்பு. வினை அந்தக் காலில்தான் இருந்தது.

அந்த மாசியில் 'கசல்குயில்' என்ற பெயரில் ஒரு பெண் எழுதினாள்: "அக்கா, மகனுக்குப் பல்லு வந்திட்டுது. பல்லுக்கொழுக்கட்டை செய்யப்போறம். என்ரை அம்மாவும் இவரும் முகம் பார்த்துக் கதைக்கிறேல்லை. ரெண்டு பேரையும் ஒரே மண்டபத்திலை எப்பிடி வைச்சிருக்கிறது?"

முதற்பல் முளைத்ததும் பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்திய கொழுக்கட்டைகளை மேலே கொட்டுவார்கள். பிறகு தட்டத்தில் புத்தகம், பேனா, நகை என்று வைத்து, பிள்ளை எதைத் தூக்குகிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்பார்கள். ஜெர்மனிக்கு வந்த பிறகு ஸ்டெதஸ்கோப்பும் சேர்ந்துகொண்டது. அதை எப்போதும் பிள்ளையின் கைக்குக் கிட்டத்தான் வைப்பார்கள்.

ஜெனிஸ்டன் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். கஜந்தி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கேட்க ஆளில்லை. அக்கா எழுதத் தொடங்கினார்.

"பிள்ளை, முந்தின காலத்திலை இதுக்கெண்டே ஒரு சடங்கு இருந்தது. தகப்பன்காரன் தலையிலை நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு பிள்ளையைச் சுத்தி மூண்டு தரம் தவழவேணும். ஒவ்வொரு சுத்துக்கும் மாமியார் முன்னாலை நிண்டு, மருமோனை நேரை பார்த்து, 'பல்லு முளைச்சிட்டுதோ?' எண்டு கேக்கவேணும். 'முளைச்சிட்டுது மாமி' எண்டு அவர் சொல்லவேணும். முடிவிலை முதற் கொழுக்கட்டையை மாமியார் தன்ரை கையாலை மருமோனுக்குத் தீத்தவேணும். ஓம் பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதையும்."

ஏன் நீத்துப்பெட்டி என்று கஜந்தி பிறகு கேட்டாள். அவனுக்கே தெரியாது. பிட்டு அவிக்கும் அந்தக் கூம்பு ஓலைப்பெட்டி குசினி அலுமாரிக்கு மேலே இருந்தது. எழுதும்போது கண்ணில் பட்டது.

கசல் நகரில் சடங்கு நடந்தது. மாமியாரும் மருமகனும் கட்டிப்பிடித்து அழும் படம் மன்றத்தில் வந்தது. மருமகனின் தலையில் பெட்டி அப்படியே இருந்தது. அதோடு பிடித்துக்கொண்டது. பிரேமனில் செய்தார்கள், மான்ஹைமில் செய்தார்கள். ஸ்ருட்கார்ட்டில் மணவறை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர் தங்கக் கடதாசி ஒட்டிய நீத்துப்பெட்டியும் வாடகைக்கு விடத் தொடங்கினார். ரொறன்ரோவிலிருந்து ஒரு பெரியவர், "எங்கள் பரம்பரையில் ஏழு தலைமுறையாகச் செய்துவருகிறோம்" என்று எழுதினார். வால்டோர்ஃபில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருவர், "அக்கா, ஒரு சின்ன டவுட். எங்க சைடுல நீத்துப்பெட்டி கிடைக்காது. இட்லித் தட்டு வச்சு மேனேஜ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். பண்ணலாம் என்றார் அக்கா.

வைகாசி முடிவில் யூலியாவின் கீழ் முரசில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

மாமி வந்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். எழுந்துபோய் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார்: "நீத்துப்பெட்டி பெரிசாய்ப் பார்த்து எடுக்கவேணும். அவரின்ரை தலை பெரிசு."

ஜெனிஸ்டன் மனைவியை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். "மாமி என்ன சொல்லுறா?"

"அக்கா சொன்ன சடங்கை முறையாய்ச் செய்யவேணுமாம். மண்டபம் பார்த்தாச்சு. வீடியோக்காரருக்கும் சொல்லியாச்சு."

"கஜந்தி, அது நான் எழுதினது!"

"தெரியும். போய் அம்மாவிட்டைச் சொல்லுங்கோவன்."

"அவ என்னோடை கதைக்கிறேல்லையே."

"அப்ப கொஞ்சம் சிக்கல்தான்" என்று கஜந்தி முகத்தை மாற்றாமல் சொன்னாள். "உங்கடை வேலையிடத்து ஷெஃபையும் கூப்பிட்டிருக்கிறன். குடும்பத்தோடை வாறாராம்."

ஜெனிஸ்டன் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்தான். அவனுடைய மேலாளர் பிரிங்மன், அலுவலகத்தில் பூனை தும்மினாலும் அறிக்கை கேட்கும் மனிதர். வேட்டியோடு, தலையில் ஓலைப்பெட்டியோடு, அவருடைய சப்பாத்தைக் கடந்து தவழ்ந்து போவதை ஜெனிஸ்டன் கற்பனை செய்து பார்த்தான். ஒருமுறை போதுமாக இருந்தது. ஆறுதலுக்கு அம்மா பற்றிமாவுக்குப் போன் எடுத்தான்.

"டேய் தம்பி, நல்ல விசயம்தானே" என்றார் பற்றிமா. "எங்கடை மன்னார்ப் பக்கமும் உது இருந்தது. நாங்கள்தான் மறந்துபோனம்."

ஞாயிற்றுக்கிழமை மாமி சோபாவில் இருக்க, ஜெனிஸ்டன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் அமர்ந்தான். அக்கா எழுதினார்: "பிள்ளையள், நீத்துப்பெட்டிச் சடங்கு தேவையில்லை. வயது போனதாலை நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். இனி ஒருத்தரும் செய்யவேண்டாம்."

மன்றம் தீப்பிடித்தது. "ஏழு தலைமுறைச் சடங்கைப் பிழை என்று சொல்ல நீங்கள் யார்?" என்றார் ரொறன்ரோப் பெரியவர். அக்காவின் கணக்கை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அழுதாள் கசல்குயில். "அக்கா, இட்லித் தட்டு ஆல்ரெடி வாங்கிட்டேன்" என்றார் வால்டோர்ஃப்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் கேட்டது. அந்த வீட்டுச் சுவர்கள் அப்படி. ஹோலில் ஒருவர் விக்கினால் அறையிலிருந்து தண்ணீரோடு ஓடலாம்.

"என்னடி பிள்ளை எழுதியிருக்கிறா உவ? செய்யவேண்டாமாமோ? எடு உன்ரை கொம்பியூட்டரை. நான் சொல்லுறன், நீ எழுது. அக்கா, நீங்கள் எந்த ஊர்?"

கஜந்தியின் விசைப்பலகை சடசடவென்று கேட்டது. ஜெனிஸ்டனின் திரையில் கேள்வி வந்து விழுந்தது. அவன் எழுதினான்: "ஊர் முக்கியமில்லைத் தங்கச்சி."

"ஊர் முக்கியமில்லையாம் அம்மா" என்றாள் கஜந்தி, செய்தி வாசிப்பவள் மாதிரி.

"என்னது! ஊர் முக்கியமில்லையோ? அப்ப உவ தமிழாளே இல்லை. எழுது: உமக்கு என்ன தெரியும்?"

'நீங்கள்' 'நீர்' ஆகிவிட்டதை ஜெனிஸ்டன் கவனித்தான். "பெரிய மனுசர் தவழுறது மரியாதை இல்லை. மருமோன் பாவமெல்லோ" என்று எழுதினான்.

கஜந்தி வாசித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சோபா கிறீச்சிட்டது. மாமி எழுந்து நின்றுவிட்டார்.

"பாவமோ? என்ரை மருமோனைப் பாவம் எண்டு சொல்ல உவ ஆர்? எழுது பிள்ளை: என்ரை மருமோன் படிச்ச பெடியன். பிள்ளைக்கு நப்பி மாத்திறதும் அவர்தான், ராவிலை எழும்பிப் பால் கரைக்கிறதும் அவர்தான். அந்த மனுசன் என்ன எண்டாலும் செய்யும். தவழாதோ?"

ஜெனிஸ்டனின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. என்ரை மருமோன். இந்த வீட்டில் அவனுக்கு இதுவரை 'அவர்', 'இந்த மனுசன்', 'உதிலை இருக்கிறவர்' என்ற பெயர்கள்தான் இருந்தன. அதைவிட, இப்போது நடந்துகொண்டிருப்பது மாமியும் அவனும் பேசும் முதலாவது உரையாடல் என்பதும் அவனுக்கு உறைத்தது. நல்லாகவே போய்க்கொண்டிருந்தது.

நியாயமான மனிதன் அத்தோடு நிறுத்தியிருப்பான். ஜெனிஸ்டன் எழுதினான்: "உம்மடை மருமோன் அப்பிடி என்ன பெரிய ஆள்?"

"பெரிய ஆளோ?" மாமி வெடித்தார். பிறகு வந்ததையெல்லாம் கஜந்தியால் எழுதி முடிக்க முடியவில்லை. மருமகன் மீன் வெட்டும் நேர்த்தி வந்தது. மாமிக்கு முழங்கால் நோ என்று வாய் திறந்து சொல்லாமலே லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வீடு எடுத்தது வந்தது. "தேத்தண்ணி தந்தா ஒருநாள் எண்டாலும் சீனி காணாது எண்டு சொன்னதோ அந்தப் பிள்ளை?" என்பது வந்தது. சீனி உண்மையில் காணாதுதான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஜெனிஸ்டன் இரண்டு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தான். அறைக்குள் தலையணையை வாயில் அமத்திக்கொண்டு அவன் சிரித்தான். பிறகு "கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கெண்டா நம்பிக்கை இல்லை" என்று எழுதினான்.

"இவளைத் தூக்கு பிள்ளை" என்றார் மாமி.

"அம்மா, அக்காதான் எங்கடை மன்றத்தின்ரை…"

"தூக்கெண்டு சொன்னன்."

ஜெனிஸ்டனின் திரை வெள்ளையானது. நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி: 'நீங்கள் இந்த மன்றத்திலிருந்து தடை செய்யப்பட்டுள்ளீர்கள். காரணம்: பாரம்பரியத்தை அவமதித்தமை.' காரணத்தை எழுதியது தன் மனைவி என்பது அந்தச் சுத்தமான தமிழிலேயே தெரிந்தது.

தோற்பதாக இல்லை. அவன் புதுப் பெயரில் பதிவதற்கான பக்கத்தைத் திறந்தான். 'கனகம்மாக்கா' என்று பாதி எழுதியிருந்தான். அந்தப் பக்கம் மாமி மறுபடி சோபாவில் அமர்ந்தது கேட்டது. குரல் இறங்கியிருந்தது. இறங்கினாலும் அந்தச் சுவருக்கு அது பொருட்டில்லை.

"இல்லைப் பிள்ளை, சடங்கெண்டா வாக்கு மீறினதாகாது. நான் அவரை நேரை பார்த்துக் கேக்கவேணும் எண்டு அதிலையே இருக்கு. வேறை எப்பிடி நான் தொடங்கிறது? சும்மா ஒருநாள் வந்து 'தம்பி, எப்பிடி இருக்கிறியள்' எண்டு கேக்கவோ? வெக்கமாயிருக்கும். எத்தினை நாள் அந்த ஃபிரிட்ஜோடை கதைக்கிறது? உந்த மனுசி அதையும் கெடுக்கப் பாக்கிறா."

கஜந்தி மூக்குறிஞ்சியது கேட்டது.

கனகம்மாக்கா பிறக்காமலே போனார். ஜெனிஸ்டன் கணினியை அணைத்துவிட்டு, பூனைபோலக் குசினிக்குப் போய், கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த நீத்துப்பெட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துப் பார்த்தான். உச்சியில் ஐஸ்கிறீம் கோன் மாதிரி நின்றது. மாமி சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

கஜந்தி கதவில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. "என்னப்பா, சிறிசோ?"

"ஓம்."

"ஸ்ருட்கார்ட்டிலை பெரிய சைஸ் இருக்காம்."

ஆனி மாதம் அந்தச் சனிக்கிழமை. உலகக் கிண்ணக் கால்பந்து ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்தது. அன்று ஐந்து மணிக்கு மியூனிக்கில் ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் ஆட்டம். சடங்குக்கு மாமி பார்த்து எடுத்த நல்ல நேரம் நாலரை. "கெதியாய் முடிச்சா ஆட்டம் பார்க்கலாம்" என்று ஜெனிஸ்டன் கணக்குப் போட்டிருந்தான். எந்தத் தமிழ் விழா எப்போது கெதியாக முடிந்தது என்று அவன் தன்னையே கேட்டிருக்கலாம். நாலரைக்கு வீடியோக்காரர் விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐயருக்குக் கார்த் தரிப்பிடம் கிடைக்கவில்லை. பற்றிமா, தேவாலயத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து யாரும் பார்க்காதபோது கொழுக்கட்டை அண்டாவில் தெளித்துக்கொண்டிருந்தார். மேலாளர் பிரிங்மன் ஜெர்மன் அணியின் சட்டையோடும், கன்னத்தில் கறுப்பு சிவப்பு மஞ்சளோடும் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். யூலியா பட்டுப்பாவாடையைச் சப்பிக்கொண்டு நடுவில் இருந்தாள்.

ஐந்து மணிக்குக் கிட்ட, தங்கக் கடதாசி மினுங்க, ஜெனிஸ்டன் நாலு காலில் இறங்கினான்.

மண்டபம் விசிலடித்தது. பிரிங்மன் கஜந்தியின் பக்கம் சரிந்து, இது பழைய வழக்கமா என்று கேட்டார். மிக மிகப் பழசு என்று கஜந்தி ஜெர்மனில் சொன்னாள். அவர் மரியாதைக்கு எழுந்து நின்றார்.

முதற் சுற்று. கண்முன்னே சரிகைக்கரைச் சேலை ஒன்று வந்து நின்றது. ஜெனிஸ்டன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வருடத்தில் முதற்தடவையாக மாமியின் கண்கள் அவனுடைய கண்களில் இருந்தன.

"பல்லு முளைச்சிட்டுதோ?"

"முளைச்சிட்டுது மாமி."

இரண்டாம் சுற்றில் அதுவரை இருந்த இடத்தில் இருந்த யூலியா, வாழ்க்கையில் முதன்முதலாக முன்னால் கையை ஊன்றி, அப்பாவுக்குப் பின்னால் தவழத் தொடங்கினாள். மண்டபமே கூவியது. தட்டத்தில் கிட்ட வைத்திருந்த ஸ்டெதஸ்கோப்பை அவள் நசித்துக்கொண்டு கடந்து போனாள். மாமி கேட்டார், அவன் சொன்னான்.

மூன்றாம் சுற்று. மாமி குனிந்தார். பெட்டி சரிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது. அவன் முழங்கால்கள் சிவந்து, வேட்டி அரை அவிழ்ந்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வி மாமியின் உதட்டுக்கு வந்தது. வந்து, வேறாக விழுந்தது.

"முழங்கால் நோகுதோ தம்பி?"

ஜெனிஸ்டனுக்கு மனப்பாடம் செய்த பதில் ஒன்றுதான் வாய்க்கு வந்தது.

"முளைச்சிட்டுது மாமி."

மாமி சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், பிறகு கொழுக்கட்டைத் தட்டமே குலுங்க. சிரித்துக்கொண்டே ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவன் வாயில் அடைத்தார். வாய் நிறைய இருந்த அவனால் மறுமொழி சொல்ல முடியாத அந்தச் சமயம் பார்த்து அவர் தொடங்கினார்.

"இருங்கோ தம்பி, இப்பிடி இருங்கோ. எனக்கு உங்களிட்டைக் கேக்கக் கொஞ்ச விசயம் இருக்கு. முதலாவது, அந்தத் திரைச்சீலை. பச்சைக் கலர் ஆரின்ரை தெரிவு? உங்கடையோ, இவளின்ரையோ? சொல்லுங்கோ, நான் கோவிக்கேலை."

ஜெனிஸ்டன் தரையில் சம்மணமிட்டான். திரைச்சீலைக்குப் பிறகு கலியாணக் கோட்டின் நிறம் வந்தது. அதற்குப் பிறகு, அவன் குளிருக்குத் தொப்பி போடாமல் வேலைக்குப் போவது ஃபிரிட்ஜுக்குப் பல தடவை சொல்லப்பட்டும் திருந்தாத விசயம் வந்தது. யூலியா அவன் தலையிலிருந்த பெட்டியை இழுத்து எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அதுதான் அவள் எதிர்காலம் என்று வீடியோக்காரர் அறிவித்தார். ஒருவர் மெல்ல எழும்பிப் போனார், பிறகு இருவர், பிறகு பிரிங்மன். பக்கத்துக் கடையில் தொலைக்காட்சி இருந்தது.

திடீரென்று நகரமே ஒரே தொண்டையால் கத்தியது. மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெளியே கார்கள் ஊளையிட்டன.

மாமி திடுக்கிட்டு யன்னலைப் பார்த்தார். "உது என்ன சத்தம் தம்பி?"

"கோல் மாமி. ஜெர்மனி அடிச்சிட்டுது போலை."

"அப்பிடியோ, நல்லது. நான் எங்கை விட்டனான்?"

"தொப்பி" என்றான் ஜெனிஸ்டன்.

"ஓம், தொப்பி" என்று மாமி தொடர்ந்தார். இரண்டாவது கோலின்போது அவர் தேத்தண்ணிச் சீனியில் நின்றார்.